கிறிஸ்தவர்கள் சினிமாப் பாட்டு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. சபைகளில் 'உலகப் பாட்டு' என்பது தேவனைத் துதிப்பதற்காக எழுதப்படாத பாட்டு. சினிமாப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, தாலாட்டுகூட இதில் வரும். தாலாட்டு கேட்பது பாவம் என்று எந்த போதகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உலகப் பாட்டைத் தடை செய்யும் வசனம் வேதத்தில் இல்லை. ஆதியாகமம் 4:21-இல் கின்னரக்காரர், நாகசுரக்காரருக்கெல்லாம் தகப்பன் என்று சொல்லப்படும் யூபால், தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்தான். அதற்காக, தேவனைப் பாடிய தாவீது ராஜா கின்னரம் என்ற அந்த நரம்புக் கருவியைத் தூக்கி எறியவில்லையே!

அப்புறம் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? பாட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான். பூண்டு ஊறுகாய் சாப்பிட்டால் கை கழுவிய பிறகும் வாயில் மணம் நிற்கும் இல்லையா, அதுபோல. பெண்ணை மட்டம் தட்டும் வரியோ, குடியைக் கொண்டாடும் வரியோ மெட்டோடு சேர்ந்து உள்ளே போனால், ஜெபிக்க உட்காரும்போதும் வாய் அதையே முணுமுணுக்கும். பிலிப்பியர் 4:8 உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, கற்புள்ளவை எவைகளோ அவைகளைச் சிந்திக்கச் சொல்கிறது. பாட்டின் வரிகளை அதில் வைத்துப் பாருங்கள். மழையைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஒரு நல்ல பாட்டு தாராளமாகத் தேறும். குத்துப்பாட்டில் பாதி தேறாது என்பது என் கணக்கு.

மெட்டும் மேளமுமே அசுத்தம் என்று சிலர் நினைப்பது தவறு: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறத்தி குறி சொல்வதாக வரும் குறவஞ்சி நாடக வடிவத்தையே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார், 150-ஆம் சங்கீதமோ தம்புரோடும் (கையால் தட்டும் சிறு மேளம்) நடனத்தோடும் துதிக்கச் சொல்கிறது.