வேலைக்குப் போகிறவர்கள் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பகுதியின் பழைய சமையலை விரைவாகச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பழைய சமையலில் நேரத்தைத் தின்பது மா வேலைதான். அதை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுங்கள். கோதுமை மாவைத் துணியில் கட்டி முக்கால் மணி நேரம் ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டிகளை உடைத்து அரித்துவிட (சலித்துவிட) வேண்டும். ஆறவிட்டால் கல்லாகிவிடும், பிறகு உலக்கைதான் துணை. அரித்த மாவை ஆறியபின் ஈரமில்லாத பேணியில் (தகர டப்பாவில்) அடையுங்கள். அவித்த மாவில் இழுவைத்தன்மை குறைந்துவிடுவதால், காலையில் உப்புச் சுடுநீர் விட்டுக் கொத்தினால் புட்டு பொலபொலவென்று வரும். குரக்கன் (கேழ்வரகு) மாவும் கலக்கலாம். நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் தேங்காய்ப்பூவைக் கூட்டுங்கள்.

புட்டு அவியும் நேரத்திலேயே, தேங்காய்ப்பாலில் வைக்கும் குழம்பான சொதி தயாராகிவிடும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, இறக்கியபின் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி சேருங்கள். அடுப்பில் வைத்தே சேர்த்தால் பால் திரைந்துவிடும்.

இரவுச் சோறு மிஞ்சியிருந்தால் புட்டே வேண்டாம். தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோறும், சின்ன வெங்காயமும், சுட்ட குளத்துமீன் கருவாடும் போதும்.