பழைய திகில் படங்களை இப்போது பார்த்தால் பயம் வருகிறதா, சிரிப்பு வருகிறதா?

கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து எண்பதுகள் வரை வந்த திகில் படங்களை இன்றைக்குப் பார்த்தால் பயம் வருமா, சிரிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் வருகிறது. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பும், யாரும் கவனிக்காத இடத்தில் பயமும் வருகிறது.

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்க்கிறவன். எந்தப் படகுக்கு எத்தனை பார் (பெரிய ஐஸ் கட்டி) ஏறியது என்ற கணக்கு என் கையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐஸுக்கு வேலையில்லை, கம்ப்ரசரை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் செம்புக் குழாயையும் மோட்டாரையும் யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான்தான். இந்த வருஷத் தடைக்காலத்தில் உட்கார்ந்து பதினேழு பழைய திகில் படம் பார்த்தேன், ஒன்றைத் தவிர எல்லாம் செல்போனில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மற்ற மாதங்களில் அமோனியா கம்ப்ரசர் ஓடுகிற இரைச்சலில் பேயே வந்து காதருகில் கத்தினாலும் "எத்தனை பாருண்ணே?" என்றுதான் கேட்பேன். தடைக்காலத்தில் அந்தச் சத்தம் கிடையாது. தொட்டியில் எங்கோ சொட்டுகிற தண்ணீர், வெளியே பனங்காட்டில் காவோலை உரசுகிற சத்தம், அவ்வளவுதான். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதாம். நான் நரி இல்லையே.

முதலில் பார்த்தது இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்', 1963-இல் வந்தது. கலிஃபோர்னியாவில் பொடேகா பே என்று ஒரு கடலோர ஊர். பறவைகள் திடீரென்று மனிதர்களைக் கொத்த ஆரம்பிக்கின்றன. ஏன் என்று கடைசி வரைக்கும் சொல்ல மாட்டார்கள். படத்துக்குப் பின்னணி இசையும் கிடையாது. சிறகடிப்பு, கீச்சுச் சத்தம், நடுநடுவே ஒன்றுமே இல்லாத அமைதி. அந்தப் பறவைச் சத்தத்தில் நிறைய ஒரு மின்னணுக் கருவியில் உண்டாக்கியதுதான். கல்லூரி நாளில் இதை சிடியில் பார்த்துவிட்டுப் பாதியில் தூங்கிப்போனவன் நான். இப்போது தூங்க முடியவில்லை.

பள்ளிக்கூடக் காட்சி ஒன்று. கதாநாயகி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற கம்பிச் சட்டம். அதில் ஒரு காக்கை வந்து உட்கார்கிறது. அவள் முகம். மறுபடி சட்டம், இப்போது நாலைந்து. மறுபடி அவள் முகம், அதையே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு வானத்தில் ஒற்றைக் காக்கை பறக்கிறது, அவள் அதைக் கண்ணாலேயே பின்தொடர்கிறாள், அது போய் உட்காருகிற இடத்தில் சட்டமே தெரியாத அளவுக்குக் காக்கை. ஒரு காக்கையும் அதுவரை யாரையும் தொடவில்லை. எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

காலையில் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகக் கருவாட்டுக் களத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் களத்தில் கொஞ்சம் மீன் காய்ந்துகொண்டிருக்கும். மேலே மின்கம்பியில் வரிசையாகக் காக்கைகள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றைக்கு மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல், தள்ளிக்கொண்டே நடந்தேன். களத்தில் நின்ற அக்கா "என்னடா தம்பி, பஞ்சரா?" என்றார். "ஆமாக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

'சைக்கோ' (1960) பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்தக் குளியலறைக் கொலையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் சிரப் என்று தெரிந்த பிறகு எனக்கு அது பயம் காட்டவில்லை. வயலின் சத்தம் மட்டும் இன்னமும் பல்லைக் கூச வைக்கிறது.

'ஜாஸ்' (1975) எங்கள் பக்கம் எடுபடாத படம். சின்ன வயதில் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்துவந்து தெருவே பார்த்தது. ஊருக்கு ஊர் பயந்த அந்தச் சுறாவைப் பார்த்து எங்கள் அப்பா கேட்டது, "இது எத்தனை கிலோ தேறும்?" சுறா என்றால் எங்களுக்குப் புட்டு. அந்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால்தான் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே படத்தின் பெரும்பகுதியை ஓட்டினார் என்று பிற்பாடு படித்து அப்பாவிடம் சொன்னேன். "உப்புத் தண்ணி எந்த மிஷினத்தான் விட்டுவச்சுச்சு" என்றார், தன் படகு எஞ்சினை நினைத்துக்கொண்டு. ஆனால் அதே அப்பா ஓர் இடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். சுறாவின் உடம்பில் கயிறு கட்டி மஞ்சள் பீப்பாய்களை மிதக்க விட்டிருப்பார்கள். சுறா தெரியாது, பீப்பாய் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். "மிதவை நீவாட்டுக்கு எதுக்க வருது பாரு" என்று மெதுவாகச் சொன்னார். நீவாடு என்றால் நீரோட்டம். வலை மிதவையைப் பார்த்தே வாழ்ந்த மனிதருக்குப் பல்லைக் காட்டுகிற சுறா ஒரு பொருட்டே இல்லை. மிதவை தப்பான திசையில் நகர்ந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நம்ம படங்களுக்கு வருகிறேன். அறுபதுகளில் வந்த தமிழ்ப் பேய்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது பத்திரப் பதிவு வேலை இருக்கும். கொலுசுச் சத்தம், வெள்ளைச் சேலை, மழை எல்லாம் வந்துவிட்டு, கடைசி ரீலில் பார்த்தால் சொத்துக்காக யாரோ போட்ட நாடகம். 1966-இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' அந்த வகைதான், இந்தியில் வந்த 'வோ கௌன் தி'யின் தமிழ் வடிவம். எஸ். பாலசந்தரின் 'பொம்மை'யில் (1964) பேயே கிடையாது, வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கை மாறிக் கை மாறிப் போகும். குண்டு இருப்பது நமக்குத் தெரியும், தூக்கி வைத்திருப்பவருக்குத் தெரியாது. அறுபது வருஷம் கழித்தும் அது வேலை செய்கிறது. எழுபதுகளின் கடைசியில்தான் பேய் நிஜமாகவே பேயாக வர ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். 1978-இல் வந்த 'ஆயிரம் ஜென்மங்கள்' படத்தில் லதா உடம்புக்குள் புகுவது அசல் ஆவி. அதைக் கண்டுபிடிப்பவர் ரஜினி. அவர் கண்ணை உருட்டிப் பார்க்கிற பார்வைதான் எனக்கு அதில் பிடித்தது.

சிரிப்பு வருகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து இருட்டடித்திருப்பார்கள். வசனத்தில் அமாவாசை, தரையில் ஆளுக்கொரு பளிச்சென்ற நிழல். கடற்கரைக்காரனிடம் இந்தக் கதை ஆகாது. அமாவாசை அன்றைக்குக் கரையில் நின்றால் கட்டியிருக்கிற கைலி என்ன நிறம் என்பதே தெரியாது.

சிரிக்க முடியாத ஒன்று, பேய் பிடிக்கிற காட்சி. 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் அந்தச் சிறுமியின் தலை முழுச்சுற்றுச் சுற்றும்போது சிரித்தேன்தான். ஆனால் அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்து, கழுத்தில் ஊசி ஏற்றி, பெரிய பெரிய மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே படம் எடுப்பார்கள். அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எங்கள் மாவட்டத்தில்தான் ஏர்வாடி இருக்கிறது. மனநிலை சரியில்லாதவர்களைப் பேய் பிடித்தது என்று நினைத்து எங்கெங்கிருந்தோ தர்காவுக்குக் கூட்டிவருவார்கள். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதைப் பேப்பரில் படித்தபோது எனக்கு இருபது வயதைத் தாண்டியிருந்தது என்று ஞாபகம். அதன்பிறகு சினிமாவில் கையைக் கட்டிலோடு கட்டுகிற காட்சி வந்தால், பேயைப் பார்க்காமல் கயிற்றைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து தனுஷ்கோடி. இதைச் சொல்லாமல் விட்டால் கை அரிக்கும். 'பேய் நகரம்' என்று தலைப்புப் போட்டு யூடியூபில் எத்தனை வீடியோ! இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று, டார்ச்சை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "இங்கே ராத்திரி அழுகுரல் கேட்குமாம்" என்கிறார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போன இடம் அது. இன்றைக்கும் அங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நீங்கள் கேட்ட அழுகுரல் பக்கத்துக் குடிசைக் கைக்குழந்தையாகக்கூட இருக்கலாம், அண்ணே.

எங்கள் அப்பத்தாவின் தம்பி அந்தப் புயலில் போனவர். கருவாடு ஏற்றுகிற வேலைக்கு தனுஷ்கோடி போயிருந்தார். உடம்பு கிடைக்கவில்லை.

1989 என்று நினைக்கிறேன், ஆடி மாதம், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முளைக்கொட்டுத் திருவிழா. இரண்டு சவுக்குக் கம்பை நட்டு வெள்ளைத் துணி கட்டி, கடற்கரை மணலில் 'யார் நீ?' படம் போட்டார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். எழுத்துகள் திரும்பியிருக்கும், ஜெயலலிதாவுக்கு மாராப்பு வலது தோளில் கிடக்கும். அன்றைக்குக் கச்சான் காற்று பலமாக அடித்தது. சுசீலா அம்மா குரலில் 'நானே வருவேன்' பாட்டு ஆரம்பித்தது. காற்றில் துணி உப்பியது, அந்த முகமும் கூடவே உப்பி எங்கள் பக்கமாக வந்தது. காற்று விட்டதும் முகம் சப்பென்று உள்ளே போனது. பிறகு மறுபடி வந்தது. பிள்ளைகள் எல்லாம் வீலென்று கத்தினோம். அவ்வளவு செலவில்லாத, அவ்வளவு பயங்கரமான கிராபிக்ஸை நான் பிறகு எந்தத் தியேட்டரிலும் பார்க்கவில்லை.

நான் அப்பத்தா மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்பத்தா கத்தவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டே துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிற நேரத்தில், என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், "அந்தப் பிள்ளைக்கு வரத் தெரிஞ்சிருக்குடா. எந்தம்பிக்குத்தான் வழி தெரியல" என்றது.

பத்து வயதில் அது எனக்கு விளங்கவில்லை. அப்பத்தா எதற்கு அழுகிறது என்று அம்மாவிடம் கேட்டு அடி வாங்கியதுதான் மிச்சம்.

இந்தத் தடைக்காலத்தில் பதினேழாவது படமாக 'யார் நீ?'யைத்தான் போட்டேன். இதை மட்டும் வீட்டில், பகலில், ஒன்பதாவது படிக்கிற மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் முழுக்கச் சிரித்தாள். மழையைப் பார்த்துச் சிரித்தாள், ஜெய்சங்கர் நடையைப் பார்த்துச் சிரித்தாள், "இது சொத்துக்குத்தானப்பா?" என்று பாதியிலேயே கண்டுபிடித்தாள். பாட்டு வந்தபோது மட்டும் பேசாமல் கேட்டாள். "இது நல்லாருக்கேப்பா" என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே அதை என் செல்போனுக்கு ரிங்டோனாக வைத்துவிட்டாள்.

ஜூன் 15-க்கு முந்தின ராத்திரி, வருஷத்திலேயே எங்களுக்கு வேலை அதிகமான ராத்திரி. இரண்டு மணிக்கு ஏதோ கோளாறில் கம்ப்ரசர் நின்றுபோனது. சத்தம் அடங்கிய அந்த நேரம் பார்த்து ஒரு படகுக்காரர் எனக்கு போன் போட்டார். போன் ஐஸ் தொட்டிப் பக்கத்துப் பலகையில் கிடந்தது. லோடுக்குப் புதிதாக வந்திருந்த பையன் கொக்கி போட்டு ஒரு பாரை இழுத்துக்கொண்டிருந்தான். இருட்டிலிருந்து 'நானே வருவேன்' என்று வந்ததும் கொக்கியையும் விட்டான், பாரையும் விட்டான். பார் இரண்டாக உடைந்து வாய்க்காலில் போனது. அதற்கான காசை என் கணக்கில்தான் பிடித்தார்கள்.

ரிங்டோனை இன்னும் மாற்றவில்லை.