கப்பி மீன் போட்ட குட்டிகளை எப்படிக் காப்பாற்றுவது?

30 குட்டி போட்டது, இரண்டு நாளில் நாலுதான் மிச்சம், தாயைத் தனியாக அடைத்துவைக்கும் பிரீடிங் பாக்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தக் காசுக்குப் பாசி வாங்குங்கள்.

நிறைமாத மீனை வலையில் பிடித்து அந்தச் சின்ன டப்பாவில் அடைத்தால் அது மிரண்டுபோகும். சில சமயம் குறைப்பிரசவம் ஆகிவிடும். மஞ்சள்கருப் பை வயிற்றில் தொங்கத் தொங்க வந்து விழும் குட்டிகள் பிழைப்பது கஷ்டம்.

நான் செய்வது இதுதான். 20 லிட்டர் தொட்டியில் பாதிக்கு ஜாவா மாஸும் வேலம்பாசியும் போட்டு வைத்திருக்கிறேன். வாலுக்குப் பக்கத்து வயிற்றில் இருக்கும் கரும்புள்ளி நன்றாகக் கறுத்து, முன்னாலிருந்து பார்க்கும்போது வயிறு சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. அதற்குச் சில நாள் முன்பே தாயை அதில் விட்டுவிடுவேன். குட்டி சுருண்டபடி வெளியே வரும், அடியில் விழும், ஒரு நொடியில் நிமிர்ந்து நேராகப் பாசிக்குள் பாயும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது ஓடி ஒளிவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. தாயே குட்டிகளைத் தின்றுவிடும், அதனால் போட்டு முடித்ததும் அதை எடுத்துப் பழைய தொட்டியில் விடுங்கள். குட்டிகளைத் தொடவே வேண்டாம்.

தாய் தின்பது பாதிக் கதை. மீதி, தீனி. என் முதல் ஈட்டில் நாற்பதுக்கு மேல் இருந்தன. பசிக்குமே என்று வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைத் துணியில் வைத்துப் பிழிந்து விட்டேன். குட்டிகள் ஆசையாகத் தின்றன. மறுநாள் காலையில் தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது, ஒன்றுகூட உயிரோடு இல்லை. மிஞ்சிய மஞ்சள்கரு அழுகி அம்மோனியா ஏறிவிட்டது. நானே கொன்றுவிட்டேன் என்று அன்று முழுக்க மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு முட்டைப் பக்கமே போகவில்லை.

இப்போது கொடுப்பது ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, விடாமல் காற்று. நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சுப் புழுக்கள் கீழே சேரும். மெல்லிய குழாயில் உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு குட்டியின் வயிறும் ஆரஞ்சாகத் தெரியும். வயிறு தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் துளித்துளியாக. பொரிக்க நேரமில்லாத நாளில் மாத்திரைத் தீனியை விரலால் மாவாக நுணுக்கித் தூவலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் போட வேண்டும், மற்றவை குட்டியை இழுத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள், குளோரின் போகட்டும். போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கப்பிக்கும் மோலி மீனுக்கும் அது ஒத்துப்போகும்.

மூன்று நான்கு வாரத்தில் அடித்துடுப்பைப் பாருங்கள். ஆணுக்கு அது குச்சிபோல நீளும், பெண்ணுக்கு விசிறியாகவே இருக்கும். அப்போதே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சின்ன வயதிலேயே பெண்கள் சினையாகிவிடும். எண்ணிக்கை கூடிப்போனால் தெரிந்தவர்களுக்கோ கடைக்கோ கொடுங்கள். ஏரியிலும் குளத்திலும் தயவுசெய்து விடாதீர்கள், நம் ஊர் மீன்களின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், பாசித் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளேயே சேமித்து வைத்திருக்கும். ஆணே இல்லாத தொட்டியில் இருந்தாலும் உங்கள் தாய் மீன் இன்னும் நாலு வாரத்தில் மறுபடி குட்டி போடும்.