சோலோவில் முறிந்த முன்சக்கரக் கால்: எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: வெளிமாநிலத்தில் விமானிப் பயிற்சி பெறும் என் மகன் சோலோவாக (பயிற்றுநர் இல்லாமல் தனியாக) பறந்து தரையிறங்கியபோது செஸ்னா 172 பயிற்சி விமானம் துள்ளி, முன்சக்கரக் கால் முறிந்து ஓடுபாதையை விட்டு விலகிவிட்டது. காயமில்லை. 'தவறு என்னுடையது, சேதத்துக்கு நானே பொறுப்பு' என்று பயிற்சிப் பள்ளியில் எழுதிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? படிப்பு போய்விடுமா?

பதில்: கொடுக்கவே வேண்டாம், ஐயா. விமான விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், யார் தலையில் பழி என்று பார்ப்பதல்ல. நடந்ததை உள்ளபடி சொல்வது கடமை, சேதத்தைத் தலையில் ஏற்பது கடமையல்ல.

வேகம் மிஞ்சி இறங்கினால் விமானம் துள்ளும். பையன் பதறி மூக்கை அழுத்துவான், இரண்டு மூன்று துள்ளலில் முன்கால் போய்விடும். அந்த நேரத்தில் திரும்ப மேலே ஏற அவனுக்குப் பழக்கினார்களா, அன்றைய காற்றில் சோலோ அனுப்பியது யார் என்பதையும் கேட்க வேண்டும். பணம் கேட்டால் முதலில் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர் பங்கு எவ்வளவு என்று சேர்க்கை ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள்.

'டயர் சேதம்தான், விபத்தே இல்லை' என்று மழுப்பவும் பார்ப்பார்கள். டயர், பிரேக், சக்கரம், புரொப்பல்லர், இறக்கை நுனி இவற்றோடு சேதம் நின்றால் அது விபத்துக் கணக்கில் வராது, உண்மைதான். ஆனால் சக்கரம் வேறு, அதைத் தாங்கும் கால் வேறு. உங்கள் மகன் விஷயத்தில் முறிந்தது கால். டயர் மட்டுமே போயிருந்தாலும், ஓடுபாதையை விட்டு விலகியதைத் தெரிவித்தே ஆகவேண்டும்.

அப்புறம் புரோக்கர்கள். 'லாக் புக்கில் (பறந்த மணி நேரத்தைப் பதியும் புத்தகம்) அந்த நாளை எடுத்துவிடலாம், டிஜிசிஏ-வில் (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அலுவலகம்) ஆள் இருக்கு' என்று எவனாவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். 2011-ல் கோவாவில் முன்சக்கரம் முதலில் படும்படி இறக்கிய ஒரு விமானியைத் துருவியபோதுதான் போலி மதிப்பெண் பட்டியல் வெளியே வந்தது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். அதில் ஒரு மணி பொய் என்றாலும் மிச்சத்தை எவன் நம்புவான்?

ஒரு மோசமான இறக்கத்தால் படிப்பு போகாது. பெரும்பாலும் கூடுதல் பயிற்சி, பயிற்றுநருடன் சோதனைப் பறத்தல், அவ்வளவுதான். காத்திருப்புதான் கொடுமை. இறுதி அறிக்கை 12 மாதத்துக்குள் என்பது சர்வதேச இலக்கு. பயிற்சி விமானக் கோப்பென்றால் இங்கே யாருக்கு அவசரம்?

இன்றிரவே வேகம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) எவ்வளவு, டவர் சொன்ன காற்று என நினைவிருக்கும் எல்லாவற்றையும் மகனை எழுதி வைக்கச் சொல்லுங்கள். லாக் புக்கையும், பயிற்றுநர் சோலோவுக்கு அனுமதி தந்த பக்கத்தையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.