அம்மா வழியாக வேண்டாம்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயில். அதிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. வாலிபால் ஆடப் போவதையும் விட்டுவிட்டான். மார்க் விஷயமே அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தினமும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவன். அவன் வயதில் நான் தறியிலும் உட்கார்ந்தேன், படிக்கவும் செய்தேன். இவனோ இந்தச் சின்ன விஷயத்துக்கே உடைந்துபோகிறான். எப்படித் தைரியம் சொல்வது? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: ஃபெயிலான மார்க்கை விட, அது உங்கள் காதுக்கு வந்த வழிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் பையனுக்கு மீசை அரும்பியதும் அப்பாவும் மகனும் நேரடியாகப் பேசுவது குறைந்துவிடுகிறது. "சாப்பிட்டானா கேளு", "படிக்கச் சொல்லு" எல்லாம் அம்மா வழியாகத்தான். அங்கிருந்து பதிலும் அப்படியே வரும். நாளடைவில் அப்பாவிடம் போவது நல்ல செய்தி மட்டும்தான். கெட்ட செய்தி சமையலறையிலேயே நின்றுவிடும்.

கஷ்டத்தில் தனியாக விட்டால்தான் பிள்ளை உறுதியாவான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, தங்களை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவருடன் நெருக்கம். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா, மாமா, ஆசிரியர் யாராகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் அதே வீட்டில் இருக்கிறீர்களே!

விடியும் முன் கிளம்பி ராத்திரி திரும்புகிறவருக்கு நேரம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்கு நீங்கள் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. போய்ச் சொன்னால் அப்பா குதிக்க மாட்டார், கேட்பார் என்ற நம்பிக்கை போதும்.

ஞாயிற்றுக்கிழமை அவனை பைக்கில் மோர்தானா அணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். அவனே ஓட்டட்டும் என்று சொல்ல ஆசைதான், லைசென்ஸ் வயது வரவில்லை! பின்னால் உட்காரட்டும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுவதை விட இது பையன்களுக்குச் சுலபம். "அம்மா சொன்னாள், எனக்குக் கோபம் இல்லை" என்பதோடு மார்க் பேச்சை நிறுத்திவிடுங்கள். அப்புறம் அவன் வாயைத் திறக்கும் வரை பொறுங்கள். முதல் வாரம் திறக்காமலும் போகலாம்.

தறிக் கதையைச் சொல்லுங்கள், ஆனால் ஜெயித்த பகுதியை மட்டும் சொல்லாதீர்கள். நூல் அறுந்தபோது எப்படித் திணறினீர்கள், யாரிடம் உதவி கேட்டீர்கள், இன்றைக்கு ஆபீசில் எது உங்களைக் கலங்கடிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கணக்கு வாத்தியாரைப் பார்க்க அவனுடன் போங்கள். ஆனால் எந்தப் பாடத்தில் சிக்கல் என்பதை அவனே பேசட்டும். அந்தப் பேச்சையும் நீங்களே பேசிவிட்டால், அடுத்த சிக்கலுக்கும் உங்களைத்தான் எதிர்பார்ப்பான்.

ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் போன்ற இடத்தில் காட்டுங்கள். செத்துப் போவதாகப் பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

போனா? இப்போது பிடுங்காதீர்கள். நண்பர்களோடு மிச்சமிருக்கும் தொடர்பு அது ஒன்றாகவே இருக்கலாம். பேச்சு பழகிய பிறகு, ராத்திரி எத்தனை மணிக்கு அணைப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் போனுக்கும் அதே நேரம்தான்.