பழைய புத்தகத்தில் ரஷ்ய மொழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தாத்தாவின் அலமாரியில், 1970களில் மாஸ்கோவில் அச்சான ரஷ்ய மொழிப் பாடப்புத்தகம் கிடைத்தது. ஆங்கில வழியில் கற்பிக்கிறது. இதை வைத்தே தொடங்கலாமா? (மதுரை)

தாராளமாகத் தொடங்கலாம். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகத் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த புத்தகங்கள் அவை. ரஷ்ய இலக்கணம் இந்த ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. ஆறு வேற்றுமைகளும் மூன்று பால்களும் அன்றுபோலவே இருக்கின்றன. அந்தக் காலப் புத்தகங்களில் பயிற்சிகள் ஏராளம். சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்ற குறியும் இருக்கும். இன்றைய ரஷ்ய நாளிதழிலோ நாவலிலோ அந்தக் குறியைப் பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: பயிற்சிகளுக்கான விடைகள் பின்பக்கத்தில் இருக்கின்றனவா? ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு விடைப் பகுதி இல்லாத புத்தகம் பாதி உதவிதான். கையெழுத்துப் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ரஷ்யர்கள் இன்றும் எழுத்துகளைச் சேர்த்தெழுதும் கூட்டெழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் 'த' ஒலிக்கான எழுத்து ஆங்கில 'எம்' போலவே தெரியும்.

உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் கொடுத்திருக்கிறார்கள். இசைத்தட்டு கிடைக்கவில்லை. என்ன செய்வது? (திருச்சி)

அந்த ஆங்கில வரியைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அது ஆங்கிலேயரின் நாக்குக்காக எழுதப்பட்டது. ரஷ்ய 'த' பல்லைத் தொடும் ஒலி, நம் 'த'வேதான். ஆங்கிலம் வழியாக வந்ததால் 'டால்ஸ்டாய்' என்கிறோம். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் 'தல்ஸ்தோய்' என்றே போட்டன. ஆங்கிலேயர்கள் திண்டாடும் ы என்ற எழுத்தின் ஒலிக்கும் நமக்கு வழி உண்டு. 'அது', 'காது' என்பவற்றின் இறுதியில் உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தைச் சொல்லி, நாக்கைச் சற்று முன்னே கொண்டுவாருங்கள். மிக அருகில் வந்துவிடுவீர்கள். 'இல்லை' என்பதற்கான சொல்லை 'நெத்' என்பதைவிட 'ஞெத்' என்று தொடங்கினால் சரியாக இருக்கும்.

நமக்கான சிக்கலைப் பற்றி அந்தப் புத்தகம் எச்சரிக்காது. வீட்டுக்கும் நூலின் ஒரு தொகுதிக்கும் உரிய ரஷ்யச் சொற்கள் இரண்டையும் தமிழில் 'தோம்' என்றுதான் எழுத முடியும். முன்னதில் 'தயிர்' என்பதன் த இல்லை, 'தர்மம்' என்பதன் அதிரும் த. பின்னதில் 'தலை'யின் த. ஆகவே ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முதல் வாரத்திலேயே ரஷ்ய எழுத்துகளுக்கு மாறிவிடுங்கள். இசைத்தட்டுக்குப் பதிலாக இணையத்தில் கிடைக்கும் எந்த ரஷ்யப் பேச்சுப் பதிவும் போதும்.

'என்னிடம் இருக்கிறது' என்பதை விளக்கவே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

வேண்டாம். இந்தக் கேள்விக்காக உங்களைப் பாராட்டுகிறேன். அந்தப் பக்கங்கள் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கானவை. நாம் சொல்வதுபோலவே ரஷ்யரும் 'என்னிடம் இருக்கிறது' என்றுதான் சொல்வார். 'அவர் மருத்துவர்' என்று நாம் வினை இல்லாமல் சொல்வதுபோலவே ரஷ்யரும் 'ஓன் வ்ராச்' என்று நிறுத்திவிடுவார். 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு 20 வயது' ஆகியவற்றில் 'எனக்கு' வருவதுபோல அங்கும் நான்காம் வேற்றுமைக்கு இணையான 'ம்ன்யே' வரும். இத்தகைய பாடங்களில் எடுத்துக்காட்டுகளை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு நகருங்கள்.

மிச்சமாகும் நேரத்தை நம்மிடம் இல்லாதவற்றுக்குக் கொடுங்கள். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் அலிப்பால். 'புதிய' என்ற நம் பெயரடை எங்கும் மாறாது; ரஷ்யப் பெயரடை பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறும். 2, 3, 4 ஆகியவற்றுக்குப் பின் பெயர்ச்சொல் ஒரு வடிவம், 5 முதல் 20 வரை வேறொரு வடிவம். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொன்று.

வினை இணைகளை (ஒரே செயலுக்கு முற்றுப்பெறா வினை, முற்றுப்பெற்ற வினை என இரண்டு) பலரும் பயந்துகொண்டே அணுகுகிறார்கள். 'எழுதினேன்', 'எழுதிவிட்டேன்' என்ற வேறுபாடு 'பிஸால்', 'நபிஸால்' என்ற இணைக்குள் நுழைய நல்ல வாசல். ஆனால் இரண்டும் முழுக்கப் பொருந்தாது. 'அந்த நாவலைப் படித்திருக்கிறேன்' என்று அனுபவத்தைச் சொல்லும்போது, நாவலை முழுவதும் படித்தவர்கூட முற்றுப்பெறா வினையையே பயன்படுத்துவார்.

எல்லாப் பாடத்திலும் 'தவாரிஷ்', லெனின்கிராத், கூட்டுப்பண்ணை. இவற்றை விட்டுவிடலாமா? (கோவை)

பாடத்தை விடாதீர்கள்; இலக்கணம் அதற்குள்தான் இருக்கிறது. பேசும்போது மட்டும் கவனம் தேவை. 'தோழர்' என்னும் அந்த விளி இராணுவத்தில் இன்றும் முறையான வழக்கு. தெருவில் முன்பின் தெரியாதவரிடம் 'இஸ்வினீத்யே' (மன்னியுங்கள்) என்று தொடங்குவதே போதும். லெனின்கிராத் 1991இல் மீண்டும் சாங்க்த் பீட்டர்ஸ்பர்க் ஆனது. ஆனால் அதைச் சுற்றியுள்ள மாகாணத்துக்கு இன்றும் பழைய பெயர்தான். காவல்துறையின் பெயரிலும் 2011இல் 'மிலித்ஸியா' போய் 'பலீத்ஸியா' வந்தது. ஆசிரியரையும் மருத்துவரையும் பெயரோடு தந்தைவழிப் பெயரும் சேர்த்து அழைக்கும் மரபு மாறவில்லை. அந்தப் பாடத்தை நன்றாகப் படியுங்கள்.

இணையத்தில் கிடைத்த மிகப் பழைய புத்தகத்தில் என் அகராதியில் இல்லாத எழுத்துகள் வருகின்றன. (சேலம்)

1918 எழுத்துச் சீர்திருத்தத்தில் நீக்கப்பட்ட எழுத்துகள் அவை. தொடக்கநிலையில் அந்தப் புத்தகம் வேண்டாம்.

அடுத்த ஆண்டு மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறேன். பழைய புத்தகம் மட்டும் போதுமா? (தஞ்சாவூர்)

போதாது. ஆங்கில வழியில் பாடம் நடந்தாலும், மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளி ரஷ்ய மொழியில்தான் வலியைச் சொல்வார், அதுவும் வேகமாக. பழைய புத்தகம் உங்கள் காதைப் பழக்காது. வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வில், தொடக்கநிலைக்கு மேலான 'முதல் நிலை'க்கு ஏறத்தாழ 2300 சொற்கள் தேவை. உடலுறுப்பு, வலி, மருந்து பற்றிய சொற்களை அதற்கும் மேலே நீங்களே சேர்க்க வேண்டும். சென்னை ஆழ்வார்பேட்டையில் உள்ள ரஷ்யக் கலாச்சார மையம் மொழி வகுப்புகள் நடத்துகிறது. அடுத்த வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அதுவரை எழுத்துகளையும், பெயர்ச்சொல்லின் ஒருமை வேற்றுமை உருபுகளையும் பழைய புத்தகத்திலேயே முடித்துவிடுங்கள்.