சுவிஸில் வீட்டுக்கு வீடு துவக்கு இருக்கிறதாமே, அங்கே வாழும் தமிழர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

வீட்டுக்கு வீடு என்பது மிகை. ஆனால் நிறைய வீடுகளில் இருக்கிறது. இங்கே ஆண்களுக்கு இராணுவச் சேவை கட்டாயம். பயிற்சி முடிந்ததும் துவக்கையும் கையில் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். முன்பெல்லாம் 50 ரவைகள் அடைத்து மூடிய ஒரு தகரப் பெட்டியும் கூடவே வரும். 2007இல் அதை நிறுத்த முடிவெடுத்து, கொடுத்தவற்றையும் திருப்பி வாங்கிவிட்டார்கள். எல்லாத் தமிழர்கள் சார்பிலும் என்னால் பேச முடியாது. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

நான் 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அதற்கு முந்தைய வருடம் கோட்டைச் சண்டை. வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கருக்குள் படுத்துக்கிடந்து, எந்த வெடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதாலேயே பிரித்தறியப் பழகியிருந்தோம். இங்கே பேர்ன் மாநிலத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் அகதிகள் விடுதியில் இடம் தந்தார்கள். போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை பின்னேரம் வெடிச்சத்தம். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு மூன்று மூன்றாக. நானும் கூட இருந்த பெடியனும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டோம். கொஞ்ச நேரம் கழித்து யன்னலால் எட்டிப் பார்த்தால், றோட்டில் ஒரு வயதான அம்மா மரக்கறிப் பையோடு ஆறுதலாக நடந்து போகிறா. தலையைக்கூடத் திருப்பவில்லை. ஊர்ச் சங்கத்தின் சுடுகளத்தில் பயிற்சி நடக்கிறது என்று விடுதிப் பொறுப்பாளர் பிறகு சொன்னார். இங்கே பல கிராமங்களில் பாட்டுச் சங்கம், உதைபந்தாட்டச் சங்கம் போல ஒரு சுடுதல் சங்கமும் உண்டு. அது தெரிந்த பிறகும் பல வருடங்கள் சனிக்கிழமைகளில் யன்னலைச் சாத்தித்தான் வைத்தேன்.

எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இங்கே ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. சேர்பியா, துருக்கி, அல்பேனியா என்று சில நாடுகளின் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருக்கிறது, அதில் இலங்கையும் உண்டு. எனக்கு அது அவமானமாகப் படவில்லை. துவக்கைத் தொட வேண்டாம் என்று யாரோ எழுதி வைத்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மனைவியும் மகனும் எனக்கு முன்பே குடியுரிமை எடுத்தார்கள். 2016இல், அவனுக்கு 16 வயது, இளையோர் சுடுதல் வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்டான். 15 வயதிலிருந்து சேரலாம், துவக்கும் ரவையும் இலவசம். நான் மாட்டேன் என்றேன். மனைவி அழுதா. மூன்று கிழமை வீட்டில் இதே பேச்சு. கடைசியில், "அப்பா, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றான். சரி என்று போனேன்.

முதல் ஒரு மணித்தியாலம் ஒரு ரவைகூடச் சுடவில்லை. பயிற்சியாளர் ஒரு முதியவர், தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர். குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும், சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியேதான், உள்ளே ரவை இல்லை என்று பார்த்த பிறகும் இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். இதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். ஒரு பெடியன் கூப்பிட்ட குரலுக்குத் துவக்கோடு திரும்பிவிட்டான். அதை வாங்கி வைத்துவிட்டு, அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். ஊரில் என் வயதுப் பெடியன்கள் கையில் நான் கண்ட துவக்குகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு இப்படி ஒரு மணித்தியாலம் யார் கொடுத்தார்கள்?

2017இல் எனக்கும் குடியுரிமை கிடைத்தது. அடுத்த கோடையில் மகன் என்னை ஃபெல்ட்ஷீசனுக்குக் கூட்டிப்போனான். நாடு முழுக்க வருடா வருடம் நடக்கிற சுடுதல் விழா அது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து சுடுவார்கள், கட்டணம் இல்லை, துவக்கையும் இரவல் தருவார்கள். 300 மீற்றர் தூரம், 18 ரவைகள், ஒன்றுக்கு அதிகபட்சம் 4 புள்ளி, முழுப் புள்ளி 72.

குப்புறப் படுத்தேன். பங்கருக்குள் படுத்த அதே படுக்கை, கை நடுங்கியது. மகன் பக்கத்தில் முழங்காலில் இருந்து காதோடு சொல்லித் தந்தான். பின்னால் உள்ள சின்னத் துளையால் பார்த்து, முன்னால் வளையத்துக்குள் நிற்கும் முள்ளை இலக்கின் கீழ் நிறுத்த வேண்டும். கண் இலக்கில் ஓடக்கூடாது, முள்ளில்தான் நிற்க வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் போதும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அங்கேயே நிறுத்த வேண்டும். விசை முதலில் இலேசாக வரும், பிறகு ஓரிடத்தில் தடுக்கும். அந்த இடத்திலிருந்து இழுக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே போனால், வெடி எப்போது போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. தெரிந்தால் தோள் முந்திவிடும், ரவை விலகிவிடும். கடைசி 6 ரவையை ஒரு நிமிடத்துக்குள் சுட வேண்டும், அதில்தான் புள்ளி போனது. மொத்தம் 51 எடுத்தேன். எழும்பியபோது, கைநடுக்கம் எப்போது நின்றதென்றே தெரியவில்லை. சுவிஸ் வீராங்கனைகளான நீனா கிறிஸ்டன் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கியாரா லியோனே பாரிஸ் ஒலிம்பிக்கிலும் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றதை அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் பார்க்கையில், அந்தப் பிள்ளைகள் மூச்சை நிறுத்தும்போது நானும் நிறுத்தினேன்.

ஆனால் சுடுவது வேறு, துவக்கை வீட்டில் வைத்திருப்பது வேறு. முதலாவதைப் பற்றி என் மனம் மாறிவிட்டது. இரண்டாவதில் மாறவில்லை. இந்த நாட்டில் துவக்கால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். 2003இல் படையைச் சீரமைத்து ஆட்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். அதன் பின் இராணுவ வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்ததை இங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மனம் உடைந்த ஒரு இரவில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாதிருந்தால், விடியும்வரை ஒரு உயிர் தாங்கும். 2001இல் சூக் மாநிலப் பாராளுமன்றத்துக்குள் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. இருந்தும் 2011இல் இராணுவத் துவக்குகளைக் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது 56.3 வீதம் பேர் மறுத்தார்கள். அரசு தன் குடிமகனை நம்புகிறது என்பதற்கு அந்தத் துவக்குத்தான் அடையாளம் என்பார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன், ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. 2019 மே மாதம் ஆயுதச் சட்டத்தை இறுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கும் வாக்கு இருந்தது. ஆம் என்று போட்டேன். 63.7 வீதத்தால் அது நிறைவேறியது.

அதே வருடம் மகன் 18 கிழமைப் பயிற்சி முடித்து, தோளில் துவக்கோடு ரயிலில் வந்து இறங்கினான். வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் அதைச் சாத்தி வைத்தான். மனைவி ஒன்றும் பேசவில்லை. சோறு போட்டுக் கொடுத்தா, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசல் பக்கம் திரும்பவேயில்லை. இரவு மூன்று மணிக்கு எழும்பினேன். குசினியில் லைற் போட்டிருந்தது. அவ கதிரையில் இருந்தா, எதிரே மகன்.

திங்கட்கிழமை காலையில் அவனே அதைப் படைக் கிடங்குக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தான். காரணம் கேட்கமாட்டார்கள், கட்டணமும் இல்லை. வருடா வருடம் ஃபெல்ட்ஷீசனுக்கு நாங்கள் இருவரும் இரவல் துவக்கோடுதான் படுக்கிறோம். போன முறை நான் 58, அவன் 66.